எத்தனை மணிக்கு எழுந்திருப்பார்?

சென்ற ஆண்டு நம் தமிழ்ப் பேரவை மாணவர்கள் சிலரோடு தேக்காவில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தேன். பேச்சு தொழில்முனைப்பின் பக்கம் திரும்பியது. ஒருவர் மின்னிலக்கச் சந்தைப்படுத்தலில் இறங்கப் போவதாகச் சொன்னார். இன்னொருவர் ஏற்கெனவே இரண்டு கடைகளின் இன்ஸ்டகிராம் பக்கங்களைக் கவனித்துக்கொள்வதாகச் சொன்னார். மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் தொடர்ந்து வந்த கேள்விகள் என்னைக் கொஞ்சம் யோசிக்க வைத்தன. “வெற்றி பெற்ற தொழில்முனைவர்கள் காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பார்கள்? ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வேலை செய்வார்கள்? என்னென்ன செயலிகளைப் பயன்படுத்துவார்கள்?”

இக்கேள்விகளில் தவறில்லை. நானும் ஒரு காலத்தில் இவற்றைத்தான் கேட்டேன். நான்கு மணிக்கு எழும் பழக்கத்தை ஒன்பது நாள் கடைப்பிடித்தேன். பத்தாம் நாள் விரிவுரை மண்டபத்தில் குறட்டை விட்டதாக நண்பர்கள் சொன்னார்கள். ஆனாலும், ஒரு தொழில்முனைவரின் வேலைப் பழக்கம் என்று நாம் எதைக் கருதுகிறோம் என்பதில் ஒரு பெரும் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. கடிகாரத்தைப் பார்க்கிறோம், அவர் காது கொடுத்துக் கேட்பதைப் பார்ப்பதில்லை.

இதற்கு ஓர் உண்மைக் கதையைச் சொல்கிறேன். திருச்சியில் பிறந்த கிரீஷ் மாத்ருபூதத்தின் கதை. பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஃபிரெஷ்வொர்க்ஸ் நிறுவனத்தை அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தைக்குக் கொண்டு சென்றவர்; 2021 செப்டம்பர் 22ஆம் தேதி அங்கே மணியடித்தவர்; பங்கு வெளியீட்டு வேலைக்கே ரஜினியை மனத்தில் வைத்து ‘சூப்பர் ஸ்டார் திட்டம்’ என்று பெயர் வைத்தவர். செய்தித்தாள்களில் பெரிதாக வந்தது இந்தப் பகுதிதான். எனக்குப் பிடித்த பகுதி அதற்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முந்தியது.

அப்போது அவர் ஸோஹோ நிறுவனத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தார். அமெரிக்காவிலிருந்து சென்னைக்குக் குடிபெயர்ந்தபோது, கப்பலில் வந்த வீட்டுப் பொருள்களில் தொலைக்காட்சிப் பெட்டி உடைந்து போயிருந்தது. காப்புறுதிப் பணம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினார், தொலைபேசியில் அழைத்தார், மாதக்கணக்கில் பயனில்லை. கடைசியில், அமெரிக்காவிலிருந்து நாடு திரும்பும் இந்தியர்கள் கூடிப் பேசும் ஓர் இணையத் தளத்தில் நடந்ததை எழுதினார். அதைப் படித்த மற்றவர்கள் கொதித்தார்கள். பிறகு அந்த நிறுவனத்தின் தலைவரே மன்னிப்புக் கேட்டார், பணமும் வந்து சேர்ந்தது.

உங்களுக்கும் எனக்கும் இது நடந்திருந்தால் நாம் என்ன செய்திருப்போம்? நண்பர்களிடம் சொல்லிச் சிரித்துவிட்டு மறந்திருப்போம். அவர் மறக்கவில்லை. வாடிக்கையாளர் கையில் இருந்த முறையீட்டுக் கடிதம் இப்போது ஊரறிய ஒலிக்கும் முரசாகிவிட்டது என்பதை அவர் கவனித்தார். அடுத்து 2010இல், வாடிக்கையாளர் சேவைக்கான மென்பொருள் விற்ற ஸென்டெஸ்க் என்ற நிறுவனம் விலையை உயர்த்தியது. நிரலாளர்கள் படிக்கும் ‘ஹேக்கர் நியூஸ்’ தளத்தில் அதன் வாடிக்கையாளர்கள் பொருமிக்கொண்டிருந்தார்கள். இந்த இடத்தில் யாராவது நியாயமான விலையில் ஒரு பொருளைக் கொண்டு வந்தால் பிழைத்துக்கொள்வார் என்று ஒருவர் போகிற போக்கில் எழுதியிருந்தார். அந்த வரி தன் கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது என்ற பொருளில் கிரீஷ் பலமுறை பேசியிருக்கிறார். அவ்வாண்டே வேலையை விட்டார். ஷான் கிருஷ்ணசாமியுடன் சேர்ந்து, சென்னைப் புறநகரில், சிறிய இடமொன்றில், ஆறு பேரோடு ஃபிரெஷ்டெஸ்க் தொடங்கியது. 2011 ஜூனில் பொருள் விற்பனைக்கு வந்தபோது முதல் வாடிக்கையாளர் எங்கிருந்து வந்தார் தெரியுமா? ஆஸ்திரேலியாவிலிருந்து, ஒரு கல்வி நிறுவனம். விற்பனையாளர் எவரும் அங்கு விமானம் ஏறிப் போகவில்லை. அவர்களே இணையத்தில் தேடி, பார்த்து, சோதித்து, வாங்கினார்கள்.

இதைத்தான் மின்னிலக்கச் சந்தைப்படுத்தல் என்கிறோம். ஒரு நிறுவனம் தன்னைத் தேடி வருபவர் கண்ணில் படும்படி தன்னை வைத்துக்கொள்வது. வந்தவருக்கு உடனே பதில் சொல்வது. சென்னையில் உட்கார்ந்துகொண்டு உலகத்தின் சிறு வணிகர்களுக்கு விற்க முடிந்ததற்குக் காரணம் இவ்வளவுதான். மலிவான விலை உதவியது. இரவில் விழித்திருந்து அமெரிக்கருக்குப் பதில் எழுத ஆள் இருந்ததும் உதவியது.

ஒரு நிகழ்ச்சியை மட்டும் இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். 2011ஆம் ஆண்டின் இறுதியில் ஸென்டெஸ்க்கின் தலைவர் டுவிட்டரில், ஃபிரெஷ்டெஸ்க் அப்பட்டமான நகல் என்று பொருள்படக் கடுமையாக எழுதிவிட்டார். எதிராளியோ பெரிய நிறுவனம். இவர்களோ யாருக்கும் தெரியாத சென்னைப் பிள்ளைகள். பயந்து பேசாமல் இருந்திருக்கலாம். வழக்கறிஞரைப் பார்த்திருக்கலாம். திருப்பித் திட்டியிருக்கலாம் – நம்மில் பலருக்கு இதுதான் எளிது. இவர் ‘நகலா, இல்லையா’ என்ற பொருளில் ஒரு தளத்தின் பெயரையே வாங்கி, நடந்த உரையாடலை அப்படியே அதில் போட்டு, தம் பக்க நியாயத்தை நிதானமாக எழுதி, படிப்பவரே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டார். அது பரவியது. விளம்பரத்துக்குச் செலவழிக்கக் காசில்லாத நிறுவனத்துக்கு எதிராளியே விளம்பரம் தேடிக் கொடுத்தார்.

கெட்டிக்காரத்தனம் என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் இதை அவர் சாமர்த்தியத்தால் மட்டும் செய்யவில்லை. தன் தொழிலைப் பற்றி வெளியில் யார் என்ன பேசுகிறார்கள் என்பதை நாள்தோறும் படித்துக்கொண்டிருந்ததால் செய்ய முடிந்தது. உடைந்த தொலைக்காட்சி, ஒரு பின்னூட்டம், ஒரு வசவு. மூன்றும் பிறர் எரிச்சலில் சொன்னவை, அல்லது தானே எரிச்சலில் சொன்னவை. மூன்றிலிருந்தும் ஒரு தொழில் வளர்ந்தது. எத்தனை மணிக்கு எழுந்தார் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்து ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

கதையின் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் ஏதோ மேடையில் ஊக்கமூட்டும் பேச்சாளர் ஆகிவிடுவேன். பங்கு 36 அமெரிக்க வெள்ளிக்கு வெளியிடப்பட்டது. முதல் நாளில் நிறுவனத்தின் மதிப்பு 10 பில்லியனைத் தாண்டியது. ஊழியர்கள் நூற்றுக்கணக்கானோர் கோடீசுவரர்கள் ஆனார்கள். பிறகு பங்கின் விலை வெளியீட்டு விலையைவிட வெகுவாகக் கீழே இறங்கியது. 2024 மே மாதம் கிரீஷ் தலைமை நிர்வாகப் பொறுப்பை வேறொருவரிடம் ஒப்படைத்தார். அவ்வாண்டு நவம்பரில் ஏறத்தாழ 660 பேர் வேலை இழந்தனர். அந்த 660 பேரிலும் காலை ஐந்து மணிக்கு எழுந்தவர்கள் இருந்திருப்பார்கள்.

சரி, இந்தக் கதைக்கும் சிராங்கூன் சாலைக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம்.

‘பிஜிபி’ என்றால் நம் மாணவர்களுக்கு கென்ட் ரிட்ஜில் உள்ள தங்கும் விடுதி. என் தாத்தா தலைமுறைக்குப் பிஜிபி என்றால் ப.கோவிந்தசாமி பிள்ளை. 1905இல் சிங்கப்பூருக்கு வந்து, மளிகைக் கடையில் வேலை பார்த்து, பிறகு சிராங்கூன் சாலையில் வரிசையாகக் கடைகள் நடத்தியவர். ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலில் அவர் பெயரில் உள்ள மண்டபத்தில் நம்மில் பலர் திருமண விருந்து சாப்பிட்டிருக்கிறோம். அந்தக் காலத்துக் கடைக்காரர்களிடம் சந்தை ஆய்வு அறிக்கை கிடையாது. ஆனால் எந்த வீட்டில் எப்போது கல்யாணம், எந்த வீட்டில் எப்போது திதி, யார் ஊருக்குப் பணம் அனுப்புகிறார், யாருக்குச் சம்பள நாள் என்றைக்கு என்பது கல்லாவில் இருப்பவருக்குத் தெரியும். இன்று இதையே ‘வாடிக்கையாளர் தரவு’ என்று சொல்லி மாதச் சந்தா வாங்குகிறார்கள்.

அதே தலைமுறையில் இன்னொருவர், கோ.சாரங்கபாணி. 1935 ஜூலை 6ஆம் தேதி தமிழ் முரசைத் தொடங்கியவர். அவரைப் பத்திரிகையாளர், சீர்திருத்தவாதி என்று சரியாகவே போற்றுகிறோம். எனக்கு அவரை நம் சமூகம் கண்ட தலைசிறந்த சந்தைப்படுத்துநர் என்றும் சொல்லத் தோன்றும். கோபித்துக்கொள்ளாதீர்கள். 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமையவிருந்தபோது, அதில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்று போராடி, ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற நிதியைத் திரட்டினார். மூன்றே சொற்கள். பல்கலைக்கழக வாசலையே மிதித்திராத தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பணம் கொடுத்தார்கள். தங்கள் பிள்ளைகள்கூட அங்கே படிப்பார்களா என்பது நிச்சயமில்லாத நிலையில் கொடுத்தார்கள். கேட்டவர் யார், எந்தச் சொல்லால் கேட்டார், கொடுத்ததற்கு என்ன கணக்குக் காட்டினார் என்பதையெல்லாம் அவர்கள் பார்த்திருப்பார்கள் அல்லவா? பணம் கொடுக்கும் மனிதர் இன்றும் இதைத்தான் பார்க்கிறார். மாணவர்களுக்காக முரசில் ‘மாணவர் மணிமன்றம்’ நடத்தி, நாளைய வாசகரையும் நாளைய எழுத்தாளரையும் ஒன்றாக வளர்த்ததும் அவர்தான். அந்த ஏடு 2025இல் தொண்ணூறு ஆண்டுகளை நிறைவு செய்தது.

ஆக, பழக்கம் புதிதன்று. கருவிதான் புதிது. இதை நான் சொந்த அனுபவத்தில் கொஞ்சம் அவமானப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

2020 ஏப்ரல் 7ஆம் தேதி நோய்த்தொற்று முறியடிப்புக் காலம் தொடங்கியதும் லிட்டில் இந்தியா எப்படி வெறிச்சோடியது என்பது நினைவிருக்கும். மளிகைக் கடைகள் திறந்திருந்தன. ஆனால் யார் வருவது? தங்கும் விடுதிகளில் இருந்த வெளிநாட்டு ஊழியர்கள் வெளியே வர முடியாததால் ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் அப்படியே நின்றுபோனது. எங்கள் குடும்பத்துக்கு வேண்டிய ஓர் அண்ணன் அங்கே சிறிய மளிகைக் கடை வைத்திருக்கிறார். நானோ சந்தைப்படுத்தலைப் பாடமாகப் படித்தவன். “அண்ணே, கவலைப்படாதீங்க, நான் பாத்துக்கிறேன்” என்று வீரமாகச் சொல்லிவிட்டு, அழகான படங்களோடு, ஆங்கிலத்தில், தீவு முழுவதற்கும் தெரியும்படி ஒரு விளம்பரத்தை ஓடவிட்டேன். இருநூறு வெள்ளி ஒரே வாரத்தில் கரைந்தது. விளம்பரத்தைச் சொடுக்கியவர்கள் நிறைய. வாங்கியவர்களை எண்ண ஒரு கை போதும். ஒருவர் அழைத்து, உட்லண்ட்ஸுக்கு ஒரே ஒரு கட்டு கொத்தமல்லி கொண்டுவந்து தர முடியுமா என்று கேட்டார்.

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தை எடுத்தார். வாடிக்கையாளர் பெயர், புளோக் எண், தொலைபேசி எண், வழக்கமாக என்ன வாங்குவார்கள் என்று கோணல்மாணலாக எழுதி வைத்திருந்தார். வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவராகத் தேடி, தம் குரலிலேயே செய்தி அனுப்பத் தொடங்கினார். “அக்கா, நல்லா இருக்கீங்களா? அம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்கு? முருங்கைக்கீரை வந்திருக்கு, ரெண்டு கட்டு எடுத்து வைக்கவா?” அவ்வளவுதான். மாலைக்குள் பட்டியல் நீண்டது. ஒரே வட்டாரத்தில் இருப்பவர்களை ஒன்றாகச் சேர்த்து, இன்று ஈசூன், நாளை பிடோக் என்று வண்டியை அனுப்பினார். நான் எக்செல் தாளில் அவர் சொன்னதைத் தட்டச்சு செய்யும் எழுத்தராக மாறினேன். அதுவே எனக்குக் கிடைத்த சிறந்த வேலைப் பயிற்சி.

இந்தக் கதையைக் கேட்டுவிட்டு, அப்படியானால் படிப்பு வேண்டாம், விளம்பரம் வேண்டாம் என்று முடிவு செய்துவிடாதீர்கள். நான் செய்த தவறு விளம்பரம் செய்ததன்று. அது எப்படி வேலை செய்கிறது என்று நிதானித்துப் பார்க்காமல் செய்தது. கூகல் விளம்பரம் 2000ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒவ்வொரு முறை யாராவது தேடும்போதும் கண்ணிமைக்கும் நேரத்தில் ஓர் ஏலம் நடக்கிறது. ஆனால் அதிக விலை கேட்டவரே வெல்வார் என்பதில்லை. தேடியவரின் சொல்லுக்கும் விளம்பரத்துக்கும் எவ்வளவு பொருத்தம், சொடுக்கிய பின் அவர் போய்ச் சேரும் பக்கம் பயனுள்ளதா என்பதும் கணக்கில் சேர்கிறது. அதனால் சிறிய கடைக்காரரும் குறைந்த விலையில் பெரிய பேரங்காடிக்கு மேலே வர முடியும். எப்போது? எல்லாரையும் கூப்பிடாமல், சரியான ஆளைச் சரியான சொல்லால் கூப்பிடும்போது.

அடுத்த ஆண்டு பொங்கலுக்கு முன் மீண்டும் முயன்றோம். நம் மக்கள் தேடுவது ஒரு தனி வகை. பாதிப் பேர் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள். ‘பொங்கல் பானை’, ‘மஞ்சள் கொத்து’, ‘வெற்றிலை’ எல்லாமே அப்படித்தான். எத்தனை விதமாக எழுத்துக்கூட்டுவார்கள் என்று உட்கார்ந்து எழுதியதே ஒரு மாலைப் பொழுது வேலை. விளம்பரத்தின் வாசகத்தைத் தமிழ் எழுத்தில் கொடுத்தோம். ஒரு நாளைக்குப் பத்து வெள்ளிதான் செலவு. பெரிய அதிசயம் ஒன்றும் நடந்துவிடவில்லை. ஆனால் அழைத்தவர்கள் வாங்கினார்கள். கொத்தமல்லிக்காரர் யாரும் அழைக்கவில்லை.

இங்கேதான் நான் இக்கட்டுரையை எழுத வந்ததன் காரணம் இருக்கிறது. தமிழில் விளம்பரம் செய்தால் யார் பார்ப்பார்கள் என்ற எண்ணம் நம் இளம் தொழில்முனைவர்களிடம் கேள்விக்கு இடமில்லாத உண்மைபோல் ஊறிப்போயிருக்கிறது. அதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்ன இந்தியர்கள் ஏறத்தாழ 37 விழுக்காடு. 2020இல் அது 27 விழுக்காடு. ஆங்கிலமோ 59 விழுக்காட்டுக்கு ஏறிவிட்டது. வியாபாரி எண்ணிக்கையைத்தான் பார்ப்பான், மொழிப்பற்றைப் பார்க்க மாட்டான் என்று ஒரு தம்பி என்னிடம் வாதிட்டார். நியாயமான வாதம்தான். மொழியைக் காப்பாற்றக் கடைக்காரர் கைக்காசைச் செலவழிக்க வேண்டும் என்று நானும் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த விழுக்காடு வீட்டில் அதிகம் பேசும் மொழியைச் சொல்கிறது. தீபாவளிக்கு முந்திய வாரம் பாட்டிக்குப் புடவை எடுக்கும்போது, பிள்ளைக்குக் காது குத்தும்போது, சாவு வீட்டுக்கு மாலை வாங்கும்போது எந்த மொழி மனத்தைத் தொடுகிறது என்பதைச் சொல்வதில்லை. லிட்டில் இந்தியாவின் வியாபாரம் அந்தத் தருணங்களில்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் எல்லாம் வாங்கும் என் அக்கா, மல்லிகைச் சரத்துக்கு மட்டும் ஆங்கிலச் சொல்லைப் பயன்படுத்தி நான் கேட்டதில்லை. மேலும், தமிழகத்திலிருந்து வந்து இங்கே உழைப்பவர்களை அந்தக் கணக்கெடுப்பு சேர்ப்பதில்லை. அது சிங்கப்பூரர்களையும் நிரந்தரவாசிகளையும் பற்றியது. வெளிநாட்டு ஊழியர் ஒருவரின் கைப்பேசியில் வரும் விளம்பரங்களைப் பார்த்திருக்கிறீர்களா? அவருக்குப் பணம் அனுப்பும் சேவையும் தொலைபேசி அட்டையும் தமிழில் விற்கப்படுகின்றன. விற்பவர்கள் தமிழ்ப்பற்றால் அப்படிச் செய்யவில்லை. பலன் இருப்பதால் செய்கிறார்கள்.

இந்தத் தீவில் தமிழுக்கு இணையத்தில் இடம் பிடித்துக் கொடுத்தவர்கள் சந்தை இருக்கிறதா என்று பார்த்துத் தொடங்கவில்லை. 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளின் தளத்தில் தமிழ் எழுத்துகள் உலக இணையத்தில் ஏறின. அதற்குப் பின்னால் நா.கோவிந்தசாமி இருந்தார், எழுத்தாளர், ஆசிரியர், கணினிப் பொறியியலில் பட்டம் பெறாதவர். அன்று தமிழில் ஒரு பக்கம் படிக்க வேண்டுமானால் அந்தப் பக்கத்துக்கு உரிய எழுத்துருவை இறக்கிக்கொள்ள வேண்டும். அடுத்த தளத்துக்கு வேறு எழுத்துரு. தேடுபொறியில் தேடும் பேச்சே இல்லை. ஒருங்குறி பரவிய பிறகுதான் தேடுவது எளிதாயிற்று. 2005 பொங்கலன்று முத்து நெடுமாறனின் ‘செல்லினம்’ சிங்கப்பூரில் அறிமுகமாகி, கைப்பேசியில் தமிழ்க் குறுஞ்செய்தி அனுப்ப வழி செய்தது. கூகல் தன் விளம்பரச் சேவையில் தமிழ்த் தளங்களைச் சேர்த்துக்கொண்டது 2018இல்தான். நா.கோவிந்தசாமி 1999இல் காலமாகி ஏறத்தாழ இரண்டு பத்தாண்டுகள் ஓடிய பிறகு! அவர் போட்ட பாதையில் பிறர் கடை விரிக்கும் நேரத்தில், நாம் ‘தமிழுக்குச் சந்தை இல்லை’ என்று திரும்பிப் போவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. சோதித்துப் பார்த்துவிட்டுச் சொன்னால் ஏற்றுக்கொள்வேன். பத்து வெள்ளிக்குச் சோதிக்கக்கூடிய ஒன்றைச் சோதிக்காமலே தீர்ப்புச் சொல்வது நல்ல வியாபாரியின் பழக்கமும் அன்று.

தொழிலின் இருண்ட மூலைகளைப் பற்றியும் இரண்டு வார்த்தை. பொய்யான மதிப்புரைகளை எழுதித் தருகிறோம், இத்தனை வெள்ளிக்கு இத்தனை ‘லைக்’ வாங்கித் தருகிறோம் என்று வருபவர்கள் உண்டு. மாணவராக இருக்கும்போதே சிலருக்கு இந்த வேலை பகுதிநேரமாக வந்து சேர்கிறது. காசு வரும், தொட்டுவிடாதீர்கள். அண்ணனின் பயிற்சிப் புத்தகத்துக்கும் ஒரு சட்டம் இருக்கிறது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012இல் நிறைவேறியது. விளம்பர அழைப்புகள் வேண்டாம் என்று பதிந்துகொள்ளும் பட்டியல் 2014 ஜனவரி 2 முதல் நடப்புக்கு வந்தது. ஒருவர் கீரை வாங்கக் கொடுத்த எண்ணை இன்னொரு கடைக்குக் கைமாற்றுவது குற்றம். அண்ணனுக்குச் சட்டம் தெரியாது. ஆனால் பக்கத்துக் கடைக்காரர் அந்தப் புத்தகத்தைக் கேட்டபோது கொடுக்க மறுத்துவிட்டார். “அது அவங்க நம்பி குடுத்த நம்பர் தம்பி” என்றார்.

வாடகையைப் பற்றியும் யோசிக்க வேண்டும். சிராங்கூன் சாலையில் கடை வாடகை ஏறுகிறது, அதனால் இணையத்துக்குப் போகிறோம் என்கிறார்கள். அங்கும் வீட்டுக்காரர் இருக்கிறார். ஃபேஸ்புக்கில் ஆயிரக்கணக்கானோர் பின்தொடரும் பக்கத்தை உழைத்து உருவாக்குகிறோம். ஒரு நாள் நிறுவனம் தன் கணக்கீட்டை மாற்றினால், நாம் இடும் செய்தி அவர்களில் சிலருக்கு மட்டுமே போய்ச் சேருகிறது. மற்றவர்களைச் சென்றடையக் காசு கட்டு என்கிறது. நம் வாடிக்கையாளரைப் பார்க்க நாமே நுழைவுச்சீட்டு வாங்க வேண்டிய நிலை. அரசாங்கம் 2017இல் தொடங்கிய சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மின்னிலக்கத் திட்டம் நல்ல திட்டம், மானியமும் கிடைக்கிறது. ஆனால் மானியத்தில் இணையப் பக்கம் கட்டிவிட்டு, மூன்று ஆண்டுக்கு முந்திய தீபாவளி விலையை இன்றும் தொங்கவிட்டிருக்கும் கடைகளை நான் பார்த்திருக்கிறேன். கட்டிக் கொடுத்தவர் போய்விட்டார். பதில் சொல்லும் பழக்கத்துக்கு மானியம் கிடையாது.

நேரத்தைப் பற்றிய கேள்விக்கு நான் இன்னும் முழுதாகப் பதில் சொல்லவில்லை. உண்மையில் இது எனக்கே தெளிவில்லாத ஒன்று. அண்ணன் காலை ஏழு மணிக்குக் கடையைத் திறந்து இரவு பத்துக்கு மூடுகிறார். முன்பெல்லாம் கதவை இழுத்துவிட்டால் வேலை முடிந்தது. இப்போது வாட்ஸ்அப் மூடுவதில்லை. கடையை இருபத்து நான்கு மணி நேரமும் திறந்து வைத்த முஸ்தஃபா சென்டரில் முறைவைத்து வேலை செய்ய ஆட்கள் உண்டு; சிறு கடைக்காரருக்கு அவர் ஒருவரே எல்லா முறையும். நான் அவருக்குக் கற்றுக் கொடுத்த கருவி அவருடைய இரவுச் சாப்பாட்டைப் பறித்துவிட்டதோ என்று சில நாள் உறுத்துகிறது. அவர் மகள் நம் பல்கலைக்கழகத்தில்தான் படிக்கிறார். கடைக்கு வருவாரா என்று கேட்டால் இருவரும் சிரித்து மழுப்புகிறார்கள். பதினைந்து மணி நேரம் நின்றே கழித்த தந்தையைப் பார்த்து வளர்ந்த பிள்ளையிடம் போய், தொழில்முனைவரின் உழைப்பு உயர்ந்தது என்று நான் எப்படிச் சொல்வது? அவருக்கு அது நம்மைவிட நன்றாகவே தெரியும்.

ஆனாலும் ஒன்று கவனித்தேன். சென்ற தீபாவளிக்கு முன் அந்தப் பெண் ஒரு மாலையில் கல்லாவில் உட்கார்ந்து, இரவு ஒன்பதரைக்குப் பிறகு வரும் செய்திகளுக்கு ‘நாளை காலை எட்டு மணிக்குப் பதில் சொல்கிறோம்’ என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் தானாகப் போகும்படி செய்துவிட்டார். ஐந்து நிமிட வேலை. சந்தைப்படுத்தல் படித்த எனக்குத் தோன்றவில்லை. அடுத்ததாக, பயிற்சிப் புத்தகத்திலிருந்து பழைய வாடிக்கையாளர் பெயர்களை வாசித்துக்கொண்டே, “அப்பா, இந்தப் பாட்டி இப்போ ஏன் வாங்குறதில்ல?” என்று கேட்டார். அண்ணன் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு கைப்பேசியை எடுத்து அந்த எண்ணை அழைத்தார்.